ஃபேமிலியோடு போகலாமா?

1957ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி, சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஓட்டலின் முன்னால் மறியல் தொடங்கியது. பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்பது பெரியாரின் கோரிக்கை. தொண்டர்கள் நாள்தோறும் வந்தார்கள், நாள்தோறும் கைதானார்கள். ஆயிரம் பேருக்கு மேல் கைதான பிறகு, 1958 மார்ச்சில், அந்தச் சொல் பலகையை விட்டு இறங்கியது.

அதே 1957இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்’ என்று ஒரு கடை திறந்தார். எந்நேரமும் தலைப்பாகை கட்டியிருப்பார். ஆனந்த விலாஸ் என்ற பெயரை ஊர் மறந்துவிட்டது. தலப்பாக்கட்டி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இரண்டு ஓட்டல்களுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் இன்று கோவில்பட்டியிலோ ஆம்பூரிலோ ஒரு குடும்பம் கல்யாண நாளுக்கு, பையன் பிளஸ் டூ தேறியதற்கு, மகளுக்கு வேலை கிடைத்ததற்கு வெளியே சாப்பிடக் கிளம்பும்போது வீட்டுக்குள் எழும் பேச்சைக் கேட்டால், அந்த இரண்டு கடைகளின் வரலாறும் அதில் ஓடுவது தெரியும். அங்கே ஃபேமிலியோடு போகலாமா? சைவமா, அசைவமா? பக்கத்தில் பார் இருக்கிறதா? ஏ.சி. ஹால் உண்டா? இலை போடுவார்களா? சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு போராட்டமோ, ஒரு சட்டமோ, ஒரு பஞ்ச காலமோ இருக்கிறது. நல்ல நாளில் ஓட்டலுக்குப் போவது என்ற வழக்கமே சிறுநகரத் தமிழர்களுக்கு இரண்டு தலைமுறைப் பழக்கம்தான்.

சோற்றுக்கு விலை சொல்லாத காலம்

தமிழகத்தில் தின்பண்டம் விற்பது புதிதல்ல. சிலப்பதிகாரம் புகாரின் வீதிகளில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் சுட்டு விற்ற கூவியரையும் காட்டுகிறது. மதுரைக்காஞ்சி ஒரு படி மேலே போய், பகல் கடைவீதியான நாளங்காடியையும் இரவுக் கடைவீதியான அல்லங்காடியையும் விரித்துச் சொல்கிறது. இரவு வியாபாரம் முடிந்து கூவியர் கண்ணயரும் நேரம்கூட அதில் உண்டு.

பண்டம் விற்றார்கள், சோறு வேறு விஷயம். பசித்தவனுக்கு இலை போட்டுவிட்டுக் காசு கேட்பது கௌரவமான தொழிலாக நெடுங்காலம் கருதப்படவில்லை. வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது அரசரும் செல்வரும் சத்திரம் கட்டிச் செய்ய வேண்டிய தருமம். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் நிற்கும் மங்கம்மாள் சத்திரம் அந்த மரபைச் சேர்ந்தது. தஞ்சை மராத்தியர்கள் ராமேசுவரம் போகும் பாதையெங்கும் சத்திரங்கள் அமைத்தார்கள். இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெயர்பெற்றது. காசுக்குச் சோறு போடும் சோற்றுக்கடைகளும் ஊர்களில் முளைத்தன. ஆனால் அங்கே போனவர்கள் உறவினர் இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டவர்கள். வீடு இருக்கும் ஊரில் ஒருவர் கடையில் சாப்பிட்டால், வீட்டில் ஏதோ தகராறு என்றுதான் அர்த்தம்.

விசேஷமோ முழுக்க முழுக்க வீட்டுக்குள் நடந்தது. பிறந்தநாள் என்றால் நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். காதுகுத்து, கல்யாணம், சீமந்தம் எல்லாவற்றுக்கும் பந்தல், பந்தி. விருந்தாளியாக உறவினரும் ஊராரும் வருவார்கள், வீட்டுக்காரர் பரிமாறுவார். கொண்டாடுகிறவர்களே வாடிக்கையாளராகப் போய் உட்காருவது அந்த ஏற்பாட்டையே தலைகீழாக்கும் செயல். பழைய ஏற்பாட்டின் மிச்சம் இன்னும் இருக்கிறது. தமிழக அரசு 2002இல் கோயில்களில் அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் அதற்குப் பணம் கட்டி, அன்றைய சோற்றைத் தங்கள் பெயரில் போடச் சொல்லும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

ரயில் வந்தது, கிளப் வந்தது

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனது. 1875இல் மதுரைக்கும், 1876இல் தூத்துக்குடிக்கும் தண்டவாளம் வந்து சேர்ந்தது. சத்திரத்துக்குச் சத்திரம் நடந்தவர்கள் ஒரே நாளில் பல ஜில்லாக்களைத் தாண்டினார்கள். வக்கீல், குமாஸ்தா, வியாபாரி, பரீட்சை எழுதப் போகும் மாணவன் என்று சொந்தக்காரர் இல்லாத ஊர்களில் இறங்குகிறவர்கள் பெருகினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். ஆனால் யார் சமைத்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விகள் ரயிலில் ஏறி வந்துவிட்டன.

பிராமணச் சமையல்காரர் கையால் எல்லாச் சாதியினரும் சாப்பிடத் தயாராக இருந்தார்கள். ஆகவே ‘பிராமணாள்’ என்ற பலகை சாதியைச் சொன்னதோடு, எல்லோரையும் கூப்பிடும் வியாபார விளம்பரமாகவும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் காப்பி கிளப்புகள் ஊருக்கு ஊர் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் காட்டுவதுபோல, காப்பி அப்போது தமிழ் நடுத்தர வர்க்கத்தின் புதுப் பழக்கமாகவும், புது அந்தஸ்தாகவும், ஓயாத விவாதமாகவும் இருந்தது. அந்தக் காப்பி கிளப்புகளிலேயே பிராமணருக்கு உள்ளே தனி இடம், மற்றவருக்கு வெளியே. தலித்துகளுக்கு இரண்டு இடத்திலும் அனுமதி இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலும் பிராமணருக்கும் மற்றவர்க்கும் தனித்தனிப் பகுதிகள். நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் தென்னிந்திய ரயில்வே அந்தப் பிரிவை நீக்கியது.

யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது இன்றைக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். தமிழக அரசியலின் போக்கையே அது திருப்பியிருக்கிறது. திருநெல்வேலி ஜில்லாவின் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது 1924–25இல் பெரும் சர்ச்சையானது. காங்கிரஸ் நிதி வாங்கிய பள்ளியில் இப்படியா என்று, அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். பெரியார் காங்கிரஸை விட்டு விலகிய காரணங்களில் இந்தப் பந்தித் தகராறுக்கும் இடமுண்டு.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் ஓட்டல்களிலும் சாதி, மதம், பாலினம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், ஓட்டலுக்குள் நுழைய விடாததையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாததையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முரளி கபே மறியல் அதற்குப் பிறகு நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டம் கதவைத் திறந்தது. பலகை அப்படியே இருந்தது. பலகை போன பிறகு அந்த இடத்துக்கு ‘உயர்தர சைவ உணவகம்’ வந்தது.

இந்தச் சைவ மரபுக்கு உடுப்பிக்காரர்கள் சேர்த்த பங்கு பெரியது. தென் கன்னடத்தின் கடந்தலே கிராமத்தில் பிறந்து, சென்னை ஓட்டல்களில் எடுபிடி வேலை பார்த்துத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸையும் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸையும் நடத்தினார். சுத்தம், வேகம், ஒரே மாதிரி சுவை என்று அவர் வகுத்த முறையைப் பார்த்துச் சிறுநகரங்களிலும் உடுப்பி ஓட்டல்கள் எழுந்தன. நெய் ரோஸ்ட்டும் மசால் தோசையும் தமிழ்ச் சிறுவர்களின் ஆசைப் பட்டியலில் ஏறியது அப்போதுதான்.

பஸ் ஸ்டாண்டு எதிரில்

ரயில் எல்லா ஊருக்கும் போகவில்லை, பஸ் போனது. பஸ்ஸிலும் முதலில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ் முதலாளிகளின் உரிமத்தை ரத்துசெய்வேன் என்று உத்தரவு போட்ட பிறகே அந்த வட்டாரத்தில் நிலைமை மாறியது. சந்தைக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிராமத்து மக்கள் டவுனுக்கு வரத் தொடங்க, பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றி ஓட்டல்கள் எழுந்தன.

கிராமத்து டீக்கடைக்கும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டீக்கடைக்காரருக்கு வருகிறவரின் தாத்தா பெயர் தெரியும். அதனால்தான் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை சட்டத்தையும் மீறி அங்கே பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. பஸ் ஸ்டாண்டு ஓட்டல் கல்லாவில் இருந்தவருக்கு வருகிறவர் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் கிடையாது. அடுத்த பஸ் வருவதற்குள் மூன்று பந்தி முடித்தாக வேண்டும். காசு கொடுத்து டோக்கன் வாங்கியவருக்கு இலை விழுந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் சாதியைக் கேட்காமல் தமிழர்கள் சாப்பிட்டுப் பழகிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், இந்த ஓட்டல்களைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

அசைவ ஓட்டல்களின் பங்கு இதில் தனியானது. ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பெயரில் கறிச்சோறு போட்ட கடைகள் ஏற்கனவே இருந்தன. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் வடக்கம்பட்டி என்றொரு கிராமம். மழை பொய்த்தால் பிழைப்பு பொய்க்கும் பூமி. அந்த ஊர்க்காரர்கள் 1930களில் காரைக்குடியில் தங்கள் குலதெய்வமான முனியாண்டியின் பெயரில் ஒரு ஓட்டல் திறந்தார்கள். வியாபாரம் பிடித்துக்கொண்டது. அங்கே வேலை பழகியவர் அடுத்த ஊரில் ஒரு கடை, அவரிடம் பழகியவர் அதற்கடுத்த ஊரில் ஒரு கடை என்று ‘மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ்’ தமிழகத்தைத் தாண்டியும் போனது. இவை எதற்கும் தலைமை அலுவலகம் கிடையாது. உரிமத் தொகையும் கிடையாது. சாமிதான் எல்லாக் கடைகளுக்கும் பொது. ஆண்டுதோறும் தை மாதம் ஓட்டல்காரர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி முனியாண்டிக்குப் பொங்கல் விழா எடுக்கிறார்கள். கிடாக்கறியும் சேவலும் சேர்த்து இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்து, விடியற்காலையில் பிரசாதமாக ஊருக்கே வழங்கப்படுகிறது. சோற்றை விற்றுப் பிழைப்பவர்கள் ஆண்டில் ஒரு நாள் அதை இலவசமாகப் போடுவதில் சத்திரத்து மரபின் வாசனை இருக்கிறது.

அரிசித் தட்டுப்பாடும் மெனுவை மாற்றியது. இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய ரேஷன் கட்டுப்பாடு, ராஜாஜி 1952இல் அதை நீக்கும்வரை நீடித்தது. 1956இல் அமெரிக்காவோடு கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1960களின் நடுவில் மீண்டும் அரிசிக்குப் பஞ்சம். 1967 தேர்தலே அரிசி விலையை வைத்து நடந்தது. அரிசி குறைந்த அந்த ஆண்டுகளில் மைதா தாராளமாகக் கிடைத்தது. ராத்திரிக் கடைகளின் தோசைக்கல்லைப் பரோட்டா பிடித்துக்கொண்டது. விருதுநகரில் அதை எண்ணெயில் பொரித்தார்கள். தென்காசி வட்டாரத்தில் நாட்டுக்கோழியோடு சேர்த்தார்கள். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் உள்ள கடைகளை இன்றும் ‘பார்டர் கடை’ என்றுதான் சொல்கிறார்கள். செங்கோட்டை தாலுகா திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தவரை எல்லை அங்கே ஓடியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தாலுகா தமிழகத்தோடு இணைந்து எல்லை மேற்கே நகர்ந்த பிறகும் பெயரும் கோழியும் அங்கேயே தங்கிவிட்டன.

பொட்டலத்திலிருந்து ஃபேமிலி ரூமுக்கு

இத்தனை நேரம் ஓட்டலுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

பெண்கள் ஓட்டலில் சாப்பிடுவது நகரத்திலேயே அரிதாக இருந்த காலத்தில், ஊர்க்கண் முழுவதும் தெரிந்த கண்ணாக இருக்கும் சிறுநகரத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆனால் ஓட்டல் பலகாரம் வீட்டுக்கு வந்தது. சம்பள நாளில் வாழையிலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி, சணல் போட்ட பொட்டலம்: அல்வா, மிக்சர், கூடவே மல்லிகைப்பூ. குடும்பத்துக்குக் கிடைத்த முதல் ‘ஓட்டல் சாப்பாடு’ அதுதான். ஆண் கடையில் சூடாகச் சாப்பிட்டார். பெண்ணும் பிள்ளைகளும் அதையே ஆறிய பிறகு வீட்டில் சாப்பிட்டார்கள்.

இதை மாற்றியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு. குடும்பமாக டவுனுக்குப் படம் பார்க்க வந்தவர்கள் பகல் காட்சி முடிந்து வெளியே வரும்போது பிள்ளைகளுக்குப் பசிக்கும். ஜவுளி எடுக்க வந்தவர்கள், பொண்ணு பார்க்க வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று பெண்களோடு வரும் கூட்டம் கூடியதும் ஓட்டல்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூடத்தின் ஓரத்தில் பலகைத் தடுப்பு, இடுப்பளவு ஆடும் கதவு அல்லது துணித் திரை, ஒரு மேசை, நான்கு நாற்காலி. வாசலில் ‘ஃபேமிலி ரூம்’ என்று எழுத்து. காற்று வராது. மின்விசிறி இருந்தாலும் சத்தம்தான் அதிகம். ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள். பெண்கள் வெளியே சாப்பிடலாம் என்பதைச் சிறுநகரம் முதலில் இப்படி மறைத்துவைத்துத்தான் ஒப்புக்கொண்டது.

அந்த அறைக்குள்தான் விசேஷச் சாப்பாடு பிறந்தது. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பரீட்சை முடிவு வந்த அன்று, வெளியூரிலிருந்து மாமா வந்த அன்று என்று காரணங்கள் சேர்ந்தன. சர்வர் மூச்சுவிடாமல் பலகாரப் பட்டியல் ஒப்பிப்பதைப் பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். கடைசியில் ஒரு ரோஸ் மில்க்கோ பாதாம் பாலோ வராவிட்டால் போன கணக்கில் வராது. பெண்கள் பள்ளிக்கூடத்துக்கும் பாங்குக்கும் தபால் ஆபீசுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியதும் தடுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பல ஊர்களில் அந்த அறைகள் இன்று சாமான் போட்டுவைக்கும் இடங்கள்.

பாரும் ஏ.சி.யும்

தடுப்பு போன பிறகும் ‘ஃபேமிலியோடு போகலாமா’ என்ற கேள்வி போகவில்லை. அதற்கு வேறொரு காரணம் வந்து சேர்ந்தது.

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948இல் முழு மாகாணத்துக்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் திரும்பத் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இதன் விளைவு சாப்பாட்டு மேசையில் தெரிந்தது. மதுவிலக்குக் காலத்தில் வளர்ந்த ஓட்டல்கள் குடியையும் சாப்பாட்டையும் சேர்க்கவே இல்லை. குடும்பங்கள் நம்பிக்கையோடு போனது அங்கேதான். பிற்காலத்தில் சிறுநகரங்களில் எழுந்த லாட்ஜுகளும் பெரிய ஓட்டல்களும் ‘ரெஸ்டாரன்ட் அண்ட் பார்’ என்று ஒரே வாசலில் இரண்டையும் வைத்தன. ஊரிலேயே நல்ல நாற்காலியும் மெல்லிய வெளிச்சமும் இருந்த இடம், குடும்பத்தோடு போக முடியாத இடமாகவும் ஆனது. இரண்டையும் வேறு வேறு மாடிக்குப் பிரித்த ஓட்டல்கள் பிழைத்துக்கொண்டன.

அடுத்தது ஏ.சி. ஹால். கீழே சாதாரண கூடம், மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. கூடம், அதே சமையலறை, அதே சாம்பார், விலை மட்டும் கூடுதல். அந்த வித்தியாசத்தை 2017இல் வரிச் சட்டமே ஒப்புக்கொண்டது. ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம், ஏ.சி. உள்ளதற்கு 18 சதவீதம். எதிர்ப்பு கிளம்பி, நவம்பர் 15 முதல் இரண்டுக்கும் 5 சதவீதம் என்றானது. ஏ.சி. ஹாலோடு ‘நார்த் இந்தியன், சைனீஸ், தந்தூரி’ என்ற தடித்த மெனு புத்தகமும் வந்தது. பிறந்தநாள் கேக் வெட்ட இடம் கிடைத்தது. கோபி மஞ்சூரியன் கிடைத்தது. ஊரின் சொந்தச் சமையல் மட்டும் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது.

நான்குவழிச் சாலைகள் இன்னொரு இடி. 2000களில் புறவழிச்சாலைகள் வந்ததும், ஊருக்குள் நுழைந்து சாப்பிட்டுப் போன கார்களும் பஸ்களும் வெளியே திரும்பிவிட்டன. பெயர்பெற்ற ஓட்டல்களின் கிளைக்கடைகள் சாலை ஓரத்தில் பெரிய வண்டி நிறுத்துமிடத்தோடு எழுந்தன. உள்ளூர்க் குடும்பங்களே இப்போது விசேஷ நாளில் ஊரைவிட்டுப் பத்து கிலோமீட்டர் வெளியே போகின்றன.

சிறுநகரத்தின் சரக்கு

இருந்தும் தமிழகத்தின் சிறுநகரங்கள் தங்கள் பெயரைச் சாப்பாட்டின் பெயராக மாற்றியிருக்கின்றன. பெருநகரங்களால் அது எளிதில் முடியாத காரியம். ஆம்பூர் பிரியாணி தோல் தொழிற்சாலைகளின் ஊரில், ஆற்காட்டு நவாபுகள் காலத்துச் சமையல் மரபில் வளர்ந்தது. எண்ணெய்க் கத்திரிக்காய் அதற்கு நிரந்தரத் துணை. திண்டுக்கல் பிரியாணியும் ஆம்பூரைப் போலவே சீரகச் சம்பா அரிசியில் செய்வதுதான், ஆனால் வேறு ருசி. நாகசாமி நாயுடு கன்னிவாடி, பரமத்தி சந்தைகளிலிருந்து ஆடு தேர்ந்து வாங்குவதில் பிடிவாதமாக இருந்தார் என்பது அந்தக் கடையின் வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது. மட்டனும் அரிசியும் மசாலாவும் ஒரே கையால் வந்தவரை கூட்டம் அந்த ஒரே கடைக்கு வந்தது. சென்னையில் கிளை திறக்க அந்தக் கடைக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் விசேஷ விருந்து என்றால் காரைக்குடியின் ‘பங்களா’வைச் சொல்லாமல் இருக்க முடியாது. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் பழைய கிளப் கட்டடத்தை மீனாட்சி மெய்யப்பன் 1999இல் தங்கும் விடுதியாக மாற்றினார். நகரத்தார் வீட்டுக் கல்யாணப் பந்தியின் முறையிலேயே வாழையிலையில் அங்கே மதியச் சாப்பாடு. செட்டிநாடு என்றாலே மிளகுக் கோழி என்று நகரத்து ஓட்டல்கள் நம்பவைத்திருந்த காலத்தில், கூட்டும் மண்டியும் குழிப்பணியாரமும் சேர்ந்த முழு இலையை அது முன்னால் வைத்தது. 2014இல் அந்தச் சமையலறையின் பக்குவங்கள் ஒரு புத்தகமாகவும் வந்தன. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம். இத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகு அடுப்பு மூட்டும் சமையல் அது. கல்யாண வீட்டில் எப்போதும் அப்படித்தானே நடந்திருக்கிறது?

சிறுநகர ஓட்டலின் பலமும் பலவீனமும் இங்கேதான். அதற்கென்று ஒரு நேரமும் ஒரு கையும் உண்டு. சைவ ஓட்டலில் முழுச்சாப்பாடு பகல் மூன்று மணிக்குள் முடிந்துவிடும். ராத்திரி கேட்டால் டிபன்தான். பிரியாணிக் கடையில் முதல் அண்டா திறக்கும் நேரத்தில் கிடைக்கும் ருசி கடைசி அண்டாவில் இராது. பரோட்டாக் கடையில் கல் சூடேறி மாஸ்டர் கை ஓடத் தொடங்குவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். பெருநகரத்து ஓட்டலைப் போல எந்நேரமும் எல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ‘ஊரில் நல்ல ஓட்டலே இல்லை’ என்று திரும்புகிறார்கள்.

அடுத்த கல்யாண நாளுக்கு இடம் தேடும்போது மெனு புத்தகத்தின் தடிமனைப் பார்க்க வேண்டாம். அந்தக் கடை எந்த ஒரு பண்டத்துக்குப் பேர்போனது, அது எந்த நேரத்தில் அடுப்பிலிருந்து இறங்குகிறது என்று கல்லாவில் இருப்பவரிடமே கேளுங்கள். ராத்திரிதான் போக வேண்டும் என்றில்லை; நம் ஊர்களில் பெரிய சாப்பாடு என்பது என்றுமே பகல் சாப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்த்து, இடைநாளில் போங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் முதல்நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு மாடிப்படி இல்லாத இடமா, பாருக்கும் கூடத்துக்கும் வேறு வேறு வாசலா என்பதையும் அதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவருக்குக் கொடுப்பதைக் கையிலேயே கொடுங்கள்.